பதினேழு பள்ளிகளின் பொறுப்பாசிரியை

கணினியைப் பற்றி சாலிஹா டீச்சர் முதலில் கற்றுக்கொண்டது, அதை எப்படி நிறுத்துவது என்பதைத்தான். எப்படித் தொடங்குவது என்று தெரிந்துகொள்வதற்குள் அவர் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது.

2005-ல் கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் நாற்பது பேருக்கு ஐந்து நாள் கணினிப் பயிற்சி நடந்தது. நாற்பது பேருக்கு எட்டுக் கணினிகள். ஐந்தாம் நாள் மாலை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று எல்லோரும் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டி அணைத்துவிட்டு ஓடினார்கள். சாலிஹா மட்டும் ஓடவில்லை. அவருடைய ரயில் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. அடுத்த ரயிலுக்கு ஐம்பது நிமிடம் இருந்தது. சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று, "இத முறையா எப்படி சார் நிறுத்தறது?" என்று கேட்டுவைத்தார். ஐந்து நாளில் தன்னிடம் ஒருவர் கேள்வி கேட்டது அதுதான் முதல் முறை என்பதால் பயிற்சியாளருக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. நிறுத்தும் முறையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, சாலிஹாவின் பெயருக்கு எதிரே 'மிகுந்த ஆர்வமுள்ளவர்' என்று எழுதினார்.

அரசாங்கத் தாளில் எழுதிய சொல்லை யாரும் அழிப்பதில்லை. ரயிலைத் தவறவிட்ட ஒரு பெண் இப்படித்தான் நாவல்மேடு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் கணினிப் பொறுப்பாசிரியை ஆனார்.

அவருக்கு உண்மையில் ஆர்வம் இருந்தது ஒரே ஒரு விஷயத்தில்தான்: மாற்றலில். பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். 1999-ல் நாவல்மேட்டில் வேலை கிடைத்தபோது ஊரிலிருந்து ஒரே பஸ், மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் கணவர் கிஃபாயத்துல்லா பெயிண்ட் கடை வைத்த இடம் வேப்பம்பட்டு. அங்கே வயலெல்லாம் மனையாகி, மனையெல்லாம் வீடாகிக்கொண்டிருந்தது. வீடென்றால் பெயிண்ட் வேண்டும். கடையை விட்டு அவர் வர முடியாது, வேலையை விட்டு இவர் போக முடியாது. ஆகவே 2002 முதல் சாலிஹா இரண்டுக்கும் நடுவே ரயிலில் வசித்தார் என்று சொல்லலாம். காலை ஆறு ஐந்துக்கு வேப்பம்பட்டில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, படிக்கட்டு ஏறி இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்து, அங்கிருந்து தொழிற்சாலைக்குப் போகும் ஆட்களோடு ஷேர் ஆட்டோவில் நெருங்கி உட்கார்ந்து, ஒன்பதே காலுக்குப் பள்ளி. மாலையில் இதையே தலைகீழாக. மகள் உமைரா பள்ளியிலிருந்து வந்து, பக்கத்து வீட்டில் சாப்பிட்டு, வீட்டுப்பாடம் எழுதி, பாதித் தூக்கத்தில் இருக்கும்போது உம்மா வந்து சேர்வார். ஒரே மாவட்டத்துக்குள் இருக்கும் இரண்டு ஊர்கள் இவை. வரைபடத்தில் ஒரு விரல் அகலம்கூட இல்லை.

ஆறு வருடம் மாற்றலுக்கு விண்ணப்பித்தார். முதல் மூன்று வருடம் காலியிடம் இல்லை. நாலாம் வருடம் காலியிடம் இருந்தது, ஒன்றியம் விட்டு ஒன்றியம் மாறும் விதி இல்லை. ஐந்தாம் வருடம் விதி வந்தது, காலியிடம் போய்விட்டது. ஆறாம் வருடம் இரண்டும் இருந்தன. வழியில் ரயில் நின்றுபோனதால் கலந்தாய்வுக்கு இவர் இல்லை.

பயிற்சி முடிந்த மறு வருடமே பள்ளிக்கு மூன்று கணினிகள் வந்தன. அவற்றுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஒரு வகுப்பறையில் வைத்துப் பூட்டினார்கள். பக்கத்து உருக்காலையிலிருந்து நாள் முழுக்கக் கரித்தூள் பறந்து வந்து எல்லாவற்றின் மேலும் உட்காரும் என்பதால் சன்னல்களை ஆணி அடித்து மூடினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சத்துணவு அமைப்பாளர் ஜானகியம்மாள் பழைய சீருடைத் துணியில் மூன்று உறைகள் தைத்துக் கொடுத்தார். சாவி தலைமையாசிரியர் பூவராகவனிடம் இருந்தது. இருப்புப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் சாலிஹாவுடையது.

அந்தக் கையெழுத்துதான் விவகாரம். இருப்புப் பதிவேட்டில் ஒருவர் கையெழுத்துப் போட்டால், இன்னொருவர் 'பெற்றுக்கொண்டேன்' என்று அதன் கீழே போடும்வரை பொருள் அவர் தலையில்தான். கணக்கு ஆசிரியர் பீட்டர் அன்றைக்கே சொன்னார்: "கல்யாணத்தகூட ரத்து பண்ணிடலாம் டீச்சர். ஸ்டாக் ரிஜிஸ்டர்ல போட்ட கையெழுத்த ஒண்ணியும் பண்ண முடியாது."

"நீங்க வேணும்னா வாங்கிக்கோங்க சார்."

"ஐயே, எனக்கு இன்னா பைத்தியமா? நானும் திருத்தணி பக்கம் டிரான்ஸ்பர் கேட்டுக்கினுகீறேன்."

நாவல்மேட்டில் வேலை பார்த்த ஆறு ஆசிரியர்களும் வேறெங்கோ மாற்றல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வகையில் அது ஒற்றுமையான பள்ளி.

2008 ஜூனில் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியும் தொழில்நுட்பத்துக்கும் இணையவழிக் கற்றலுக்கும் ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றை எழுதித் தர வேண்டும். திட்டம் ஏற்கப்பட்ட பள்ளிக்கு மேலும் ஐந்து கணினிகளும் இணைய இணைப்பும் வரும். கூடவே படிவம். முதல் கேள்வி: 'இணையவழிக் கற்றல் குறித்து உங்கள் பள்ளியின் தொலைநோக்கு யாது?' பள்ளியில் தொலைபேசி கிடையாது. தலைமையாசிரியரின் கைப்பேசிக்கு அடிபம்புக்குப் பக்கத்தில் நின்றால் மட்டும் சிக்னல் வரும். ஆகவே முக்கியமான செய்திகளை எல்லாம் தண்ணீர் பிடிக்க வருபவர்களும் கேட்டார்கள்.

பூவராகவன் சுற்றறிக்கையை சாலிஹாவின் மேசையில் வைத்தார். "எழுதிடுமா. மாதிரி ஒண்ணு குடுத்துக்கீறாங்க பாரு. அதயே பார்த்துப் போட்டுடு."

மாதிரி எங்கேயோ மேற்கு மாவட்டத்துப் பள்ளி ஒன்றினுடையது. 'எமது பள்ளி மலைப்பகுதியில் அமைந்துள்ளதால்' என்று தொடங்கியது. நாவல்மேட்டைச் சுற்றி மேடு என்று சொல்லக்கூடியது ஆலை வாசலில் கிடக்கும் கசடுக் குவியல் ஒன்றுதான்.

"சார், இதுல மலைன்னு போட்டுக்குது."

"யார் வந்து பாக்கப் போறான்? ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. ஆகஸ்ட்ல கவுன்சிலிங். பிளான் குடுக்காத ஸ்கூல்லேந்து ஒருத்தரையும் ரிலீவ் பண்ணமாட்டாங்களாம். வேப்பம்பட்டு பக்கத்துல இந்த வருஷம் ஒருத்தர் ரிட்டயர் ஆவறாராம், தெரியுமில்ல?"

தெரியும். அந்த ஆசிரியர் ஓய்வு பெறும் நாளை அவர் மனைவியைவிட சாலிஹா நன்றாக நினைவில் வைத்திருந்தார். அந்தப் பள்ளிக்கு அவர் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. இரண்டு முறை ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தும் பார்த்திருந்தார்.

மாதிரியை அப்படியே எழுதிக் கொடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் அப்படிச் செய்யாததற்கு நேர்மை காரணமில்லை. ரயிலில் தினமும் நாலு மணி நேரம் இருந்தது. படிவம் கையில் இருந்தது. சன்னலுக்கு வெளியே பார்க்கப் புதிதாக ஒன்றும் மிச்சமில்லை. ஆகவே பேசின் பிரிட்ஜுக்கும் பொன்னேரிக்கும் நடுவே, மடியில் பையை வைத்து, அதன்மேல் படிவத்தை வைத்து, உண்மையை எழுதத் தொடங்கினார். களைப்பு மிகுந்துவிட்டால் பொய் சொல்லும் தெம்புகூட இருப்பதில்லை.

மூன்று கணினிகளில் ஒன்று ஓடாது என்று எழுதினார். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் தொண்ணூற்றாறு பிள்ளைகள். ஆளுக்கு வாரம் ஏழு நிமிடம் வரும் என்று எழுதினார். தொலைபேசிக் கம்பம் ஆலை வாசலோடு நின்றுவிடுகிறது. இணைப்பு வரும்வரை கும்மிடிப்பூண்டி பஜாரில் மொஹசினின் பிரவுசிங் சென்டரில் செவ்வாய்க்கிழமை மாலை பாடங்களை இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து புதன்கிழமை காட்டலாம் என்று எழுதினார்.

ஏன் புதன்கிழமை என்பதுதான் அந்தத் திட்டத்தின் உயிர். மற்ற நாட்களில் கணினியைப் போட்டால் திரையில் படம் நாலு பக்கமும் சுருங்கி அஞ்சலட்டை அளவுக்கு வந்துவிடும், யு.பி.எஸ். கீச்கீச்சென்று கத்தும். இரண்டு வருடமாகக் கணினியில்தான் கோளாறு என்று நினைத்திருந்தார்கள். ஒருநாள் சாலிஹா அலுத்துக்கொண்டதைக் கேட்டு ஜானகியம்மாள் சிரித்துவிட்டார்.

"இன்னா டீச்சரம்மா நீங்க. உருக்குற கம்பெனி ஓடச்சொல்லோ நம்ம ஊருக்குக் கரன்ட்டு எங்க வரும்? புதன்கெழம அவனுக்கு லீவு. நாங்கல்லாம் அன்னைக்குத்தான் கிரைண்டர்ல மாவு ஆட்டுவோம். உங்க பொட்டியையும் அன்னைக்குப் போடுங்க."

போட்டார். படம் திரை முழுவதும் வந்தது. நாவல்மேட்டின் தொழில்நுட்பத் திட்டம் இப்படி இட்லி மாவிலிருந்து பிறந்தது. 'கணினி வகுப்புகள் அனைத்தும் புதன்கிழமையில் மட்டும் நடத்தப்படும். காரணம், அருகிலுள்ள ஆலையின் வார விடுமுறை' என்று சாலிஹா எழுதினார். கடைசிப் பக்கத்தில் 'பொறுப்பாசிரியை: கி. சாலிஹா' என்று போட்டார். மொஹசினிடம் கொடுத்துத் தட்டச்சு செய்து ஜூலை முதல் வாரம் வட்டார அலுவலகத்தில் கொடுத்தார்.

அலுவலகத்தில் அந்தத் திட்டத்தைப் படித்தவர்கள் அசந்துபோனார்கள். அதற்கு முன் வந்த திட்டங்கள் எல்லாம் மலைப்பகுதியில் இருந்தன. கூட்டத்தில் அதிகாரி ஒருவர் சொன்னார்: "நாவல்மேட்டுக்காரங்க எழுதியிருக்கிறதைப் பாருங்க. திட்டம்னா அப்படி இருக்கணும்." மலைப்பகுதித் திட்டங்களையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அப்படி இருக்கணும் என்றால் அப்படியே இருக்கணும் என்று வட்டாரத்தின் தலைமையாசிரியர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதில் அவர்களைக் குறைசொல்ல முடியாது. பல வருட அனுபவம். திட்டம் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்தார்கள். பஜாரில் மொஹசினின் கணினியில் இருந்தது. ஒருவர் பின் ஒருவராகப் போய், "அந்த நாவல்மேட்டுதையே போட்டுக் குடுப்பா, ஸ்கூல் பேரை மட்டும் மாத்து" என்றார்கள். மொஹசின் வாக்குத் தவறாதவன். ஸ்கூல் பேரை மட்டும் மாற்றினான்.

ஆகஸ்டில் திருவள்ளூரில் கலந்தாய்வு நடந்தது. இந்த முறை சாலிஹா ரயிலை நம்பாமல் முதல் நாளே கணவரின் பைக்கில் வழி பார்த்து வைத்து, விடிந்ததும் போய்விட்டார். பத்து நிமிட நடைப் பள்ளி பலகையில் இருந்தது. அவர் முறை வந்தபோதும் இருந்தது. விரலால் தொட்டுக் காட்டினார். ஆணை கையில் வந்தது: பதினைந்து நாட்களுக்குள் பணியில் சேர வேண்டும், தவறினால் ஆணை ரத்து. அன்று இரவு உமைரா கேட்டாள்: "அப்ப இனிமே நீங்க தலைமுடி பின்னி உடுவீங்களா உம்மா?"

"ரெண்டு பின்னல்."

மறுநாள் விடுவிப்பு ஆணை வாங்க வட்டார அலுவலகத்துக்குப் போனார். அங்கே எழுத்தர் அரசப்பன் ஒரு பதிவேட்டைப் புரட்டினார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி புரட்டினார்.

"நீங்க எந்த ஸ்கூல் டீச்சர்?"

"நாவல்மேடு சார்."

"அது தெரியுது. மத்ததெல்லாம்?"

"மத்தது இன்னா சார்?"

அரசப்பன் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். வட்டாரத்தின் கணினிப் பொறுப்பாசிரியர்கள் பட்டியல். நாவல்மேடு: கி. சாலிஹா. அதன் கீழே: கி. சாலிஹா. அதன் கீழே: கி. சாலிஹா. பதினேழு முறை. நடுவில் ஒரே ஒரு பள்ளியில் மட்டும் வேறு பெயர் இருந்தது. அந்தத் தலைமையாசிரியர் மட்டும் தன் திட்டத்தைத் தானே படித்திருக்கிறார்.

"இது காப்பி அடிச்சது சார். அந்த ஸ்கூலுங்க பக்கம் நான் போனதுகூட இல்ல."

"இருக்கலாம். ஆனா காப்பி அடிச்சாங்கன்னு நான் எழுத முடியுமா? பிளான் எல்லாம் மேல போயி அப்ரூவ் ஆயிடுச்சி. பதினேழு ஸ்கூலுக்கும் ஆள் நீங்கதான். எல்லா இடத்துலயும் பொறுப்பு ஒப்படைச்ச சீட்டு இருந்தாத்தான் ரிலீவ் பண்ண முடியும்." குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. எல்லா ஸ்கூல்லயும் புதன்கெழமயே கம்ப்யூட்டர் கிளாஸ். ரிப்பேர் பாக்கறவன் ஒருத்தன்தான். புதன்கெழம ஆனா அவன் போனையே எடுக்கறதில்ல."

சாலிஹாவுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கு முதலில் உட்கார வேண்டும். அங்கே உட்கார நாற்காலி இல்லை.

பதினைந்து நாளில் இரண்டு போயிருந்தன. பள்ளி முடிந்ததும் நேரே மொஹசினின் கடைக்குப் போனார். அவன் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"டீச்சரக்கா, டீ சொல்லட்டா?"

"யார் யாருக்கு அடிச்சுக் குடுத்தே, லிஸ்ட்டு குடு."

"அவங்கதான்க்கா பேர மட்டும் மாத்த சொன்னாங்க."

"எம்பேரும் பேருதானேடா?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு பட்டியலை அச்சிட்டுக் கொடுத்தான்.

மறுநாள் காலை முதலில் போன பள்ளியின் தலைமையாசிரியை குப்பம்மாள். ஓய்வுக்கு மூன்று வருடம் இருந்தது, எதற்கும் அசையாதவர். சாலிஹாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வா வா. நீதான் எங்க பொறுப்பு டீச்சரா? பேரு பாத்துக்கீறேன், ஆள இப்பத்தான் பாக்கறேன். நாஷ்டா ஆச்சா?"

"மேடம், நான் உங்க ஸ்கூல்ல பொறுப்பு இல்லைன்னு ஒரு லெட்டர் வேணும்."

முகம் மூடிக்கொண்டது. "அது எப்படிமா தர முடியும்? நீ இல்லைன்னா பிளான் பொய்யின்னு ஆவும். பிளான் பொய்யின்னா அஞ்சு கம்ப்யூட்டரும் போயிடும். பசங்க வவுத்துல அடிக்கிறியா?"

"ஆனா பொய்யிதானே மேடம்?"

"பொய்யின்னு யாரு சொன்னா? காயிதத்துல இருக்குதே. பேருதானே, இருந்துட்டுப் போவட்டுமே. உனுக்கு இன்னா நஷ்டம்?"

நஷ்டத்தை சாலிஹா சொல்லத் தொடங்கினார்: ஆறு ஐந்து ரயில், பேசின் பிரிட்ஜ் படிக்கட்டு, உமைராவின் பின்னல். பாதியிலேயே நிறுத்திவிட்டார். ஏழு வருடத்தில் எத்தனையோ மேசைகளுக்கு முன் இதே வரிசையில் சொன்னது. அவருக்கே மனப்பாடப் பகுதி போல ஒலித்தது.

இரண்டாவது பள்ளியிலும் அதே பதில்தான், நாஷ்டா மட்டும் கேட்கவில்லை. மூன்றாவது பள்ளித் தலைமையாசிரியர் தான் ஊரில் இல்லை என்று தானே வெளியே வந்து சொன்னார்.

அன்று மாலை ரயிலில் உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி யோசித்தார். 'பொறுப்பு இல்லை' என்று எழுதித் தர ஒருவருக்கும் துணிவில்லை. ஆனால் பொறுப்பை ஒப்படைத்ததாக எழுதினால்? ஒப்படைக்க வேண்டுமென்றால் முதலில் பொறுப்பு இருந்திருக்க வேண்டும். ஆகவே திட்டம் மெய்யாகிவிடும். பொய்யைப் பொய்யென்று நிரூபிப்பதைவிட, அதை மெய்யாக்கி முறைப்படி முடித்துவைப்பது சுலபம். நின்றுகொண்டே யோசித்ததால் தோன்றியதோ என்னவோ.

மறுநாள் மொஹசின் பதினாறு ஒப்படைப்புச் சீட்டுகள் அடித்துக் கொடுத்தான். இந்த முறை ஒவ்வொன்றிலும் எல்லாப் பெயர்களையும் மாற்றினான். 'கணினிகள்: இல்லை. யு.பி.எஸ்.: இல்லை. விசைப்பலகை: இல்லை. மேற்கண்ட பொருட்கள் அனைத்தையும் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்.' அவற்றை எடுத்துக்கொண்டு சாலிஹா விடுப்பு போட்டு ஊர் ஊராகப் போனார். ஷேர் ஆட்டோ, டவுன் பஸ், ஒரு இடத்துக்கு ஆலைத் தண்ணீர் லாரி. ஏற்கெனவே கணினி வைத்திருந்த மூன்று பள்ளிகளில்கூட, அது வேறொருவர் பெயரில் இருப்பதால், 'இல்லை' என்றே போட்டார்கள். இல்லாத பொருளைப் பெற்றுக்கொள்வதில் யாருக்கும் தயக்கம் இல்லை. குப்பம்மாள் படித்துப் பார்த்துவிட்டு, "இப்புடி முறையா கேட்டா குடுக்கமாட்டமா?" என்று சீல் வைத்தார்.

ஒன்பது நாளில், அதற்கு முன் தான் கால் வைத்திராத பதினாறு பள்ளிகளின் பொறுப்பிலிருந்து சாலிஹா விடுபட்டார். பாக்கி ஒன்று. தான் ஒன்பது வருடம் வேலை செய்த பள்ளி.

நாவல்மேட்டில் கணினிகள் உண்மையிலேயே இருந்தன. அதனால் ஒருவரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

"மே மாசம் நான் ரிட்டயர் ஆவறேன் டீச்சர்," என்றார் பூவராகவன். "எம்பேர்ல ஸ்டாக் இருந்தா பென்ஷன் பேப்பர் நகராது. அதுலயும் ஒண்ணு ரிப்பேரு வேற."

பீட்டர் நேரடியாகவே கைகூப்பினார். "டீச்சர், நீங்க போவணும்னு தினமும் ஜெபம் பண்றேன். கையெழுத்து மட்டும் கேக்காதீங்க. போட்டா நானும் இங்கியே கெடக்கணும்." மற்றவர்களிடமும் இதே பதில்தான், ஜெபம் மட்டும் இல்லை.

இன்னும் மூன்று நாள். அது புதன்கிழமை. சாலிஹா வழக்கம்போல அறையைத் திறந்து, உறைகளை மடித்து வைத்து, இரண்டு கணினிகளையும் போட்டார். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, ஆளுக்கு ஏழு நிமிடம் உட்கார்ந்து எழுந்து போனார்கள். இதயம் இரத்தத்தை இறைக்கும் படம் ஓடியது. ஸ்நேகா என்ற பெண் தன் ஏழு நிமிடத்தையும் அந்த இதயத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டுவதில் செலவழித்தாள். சாலிஹா தடுக்கவில்லை. எல்லோரும் போனபின் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

ஜானகியம்மாள் சத்துணவுப் பதிவேட்டோடு வந்து எட்டிப் பார்த்தார். "இன்னா டீச்சரம்மா, மூஞ்சி ஒரு மாதிரிகீது? கையெழுத்து கெடைக்கலியா?"

"யாரும் போடமாட்டேங்கறாங்க ஜானகிம்மா."

"அதுல அப்புடி இன்னா பயம்?"

"ஏதாவது ஒடஞ்சா அவங்கதான் பதில் சொல்லணும். மாத்தல் கெடைக்காது."

ஜானகியம்மாள் கையில் இருந்த பதிவேட்டைத் தட்டினார். "நான் தெனமும் அரிசி, பருப்புக்குப் போடறேன். முட்டைக்குப் போடறேன், நூத்திப்பத்து முட்டை. முட்டையவிடவா உங்க பொட்டி ஒடையும்? எனுக்கு எந்த மாத்தலும் வாணாம். இங்கியே பொறந்தேன், புள்ள எதுர்ல இருக்கிற கம்பெனிக்குத்தான் வேலைக்குப் போவுது. எங்க போவப்போறேன்? எடுங்க, நான் போடறேன்."

போக விரும்பாத ஒருவர் அந்தப் பள்ளியில் இருந்தார் என்பது அதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை.

பூவராகவன் தயங்கினார். "அவங்க டீச்சர் இல்லியே. ஒத்துக்குவாங்களா?" மறுநாள் ஜானகியம்மாள் கையெழுத்திட்ட சீட்டைக் கொண்டுபோனபோது, அரசப்பன் சுற்றறிக்கையை விரலால் வரி வரியாகத் தடவிப் படித்தார்.

"'பள்ளியில் பணியாற்றும் பொறுப்புள்ள ஒருவர்'னுதான் போட்டுக்கீது. சத்துணவு அமைப்பாளர் பள்ளியில பணியாற்றுறாங்களா? ஆமா. பத்தாவது பாஸா? பாஸு. பொறுப்பு? எங்க வட்டாரத்துலயே கணக்கு சரியா வர ஒரே ரிஜிஸ்டர் அந்தம்மாவுதுதான்." சீலை எடுத்தார். "கொண்டாங்க. பதினேழும் ஆச்சு. போயி ஊட்டப் பாருங்க டீச்சர்."

கடைசி நாள் மாலை சாலிஹாவும் ஜானகியம்மாளும் கணினி அறைக்குள் நின்று எண்ணிச் சரிபார்த்தார்கள். மூன்று திரை, மூன்று பெட்டி, மூன்று விசைப்பலகை, இரண்டு யு.பி.எஸ்., உறைகள் மூன்று. கடைசியாகச் சொன்னதற்கு ஜானகியம்மாள், "அது நான் தெச்சது, அதையுமா எழுதனீங்க?" என்று கேட்டு, பிறகு எழுதியது சரிதான் என்று ஒத்துக்கொண்டார். இருப்புப் பதிவேட்டில் 'பெற்றுக்கொண்டேன்' என்பதற்குக் கீழே, அரிசிக்குப் போடும் அதே வேகத்தில் கையெழுத்துப் போட்டார்.

"போடறது எப்புடின்னு பசங்க சொல்லிக் குடுத்துட்டாங்க. நிறுத்தறது மட்டும் சொல்லிட்டுப் போங்க."

சாலிஹா சொல்லிக்கொடுத்தார். முதலில் மூலையில் இருப்பதை அழுத்த வேண்டும். பிறகு அது கேட்கும், நிச்சயமா என்று. ஆமாம் என்று சொல்ல வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு சுவிட்சைத் தட்டக் கூடாது.

"அடுப்பு அணைக்க இவ்ளோ இல்ல," என்றார் ஜானகியம்மாள். ஆனால் காத்திருந்தார்.

வாசலில் பீட்டர், "போய்ட்டு வாங்க"வுக்குப் பதிலாக, "அந்தம்மாவுக்குப் பிளான் எழுதத் தெரியுமா?" என்று கேட்டார்.

"போன பிளானும் அவங்களுதுதான் சார்," என்றார் சாலிஹா.

ரயில் போய்விட்டிருந்தது. அடுத்த ரயிலுக்கு ஐம்பது நிமிடம். கும்மிடிப்பூண்டி நடைமேடையில் பெஞ்சில் உட்கார்ந்தார். பெரிய மகிழ்ச்சி ஒன்று வரும் என்று எதிர்பார்த்துப் பார்த்தார். தூக்கம்தான் வந்தது.

புதுப் பள்ளியில் சேரும் நாள், பழக்கத்தில் நாலரைக்கே விழித்துவிட்டார். சமைத்து, துணி மடித்து, உமைராவுக்கு இரண்டு பின்னல் போட்டு, ஒருமுறை அவிழ்த்து மறுபடியும் போட்டார். அப்படியும் எட்டு மணிக்கே பள்ளி வாசலில் நின்றார், கேட் திறந்திருக்கவில்லை. ஒன்பது மணிக்கு வந்த தலைமையாசிரியர் ஆணையை வாங்கிப் பார்த்தார், நாற்காலியைக் காட்டினார், மேசை மேல் கிடந்த, 'பொறுப்பாசிரியர்' என்ற கட்டம் காலியாக இருந்த ஒரு படிவத்தைப் பக்கத்தில் நகர்த்திக்கொண்டார்.

"கும்மிடிப்பூண்டி சைடுலேந்து வரீங்க. கம்ப்யூட்டர் தெரியுமா டீச்சர்?"

"நிறுத்தத் தெரியும் சார்."

அவர் சிரித்துவிட்டுப் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றுகிறாரா என்று சாலிஹா பார்த்துக்கொண்டிருந்தார்.